பெல்வின் வீதிக்கு வந்த முதலிடங்கள்

லண்டனின் தெற்கே, டூட்டிங்கில், பெல்வின் வீதி என்று ஐம்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரு வீதி இருக்கிறது. எந்த வாரம் எந்த வீடியோ கேம் பிரிட்டன் முழுவதிலும் அதிகமாக விற்றதோ, அடுத்த கிழமை முழுக்க அந்த விளையாட்டின் சட்டம்தான் அந்த வீதியில் நடக்கும், மகாராணியின் சட்டம் முனையிலுள்ள பஸ் தரிப்போடு நின்றுவிடும். இது எண்பத்துநான்காம் ஆண்டில் தொடங்கியது. அதே ஆண்டில்தான் எங்கள் ஆட்களில் முதல் ஆளாகச் சற்குணம் அண்ணை ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினார். இறங்கிய நாலாம் நாள் காலையில் தபால்காரர் கூரைக்குக் கூரை பாய்ந்து, புகைபோக்கிகளை ஒற்றைக் காலால் தாண்டிக் கடிதம் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தார். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற நாட்டில், வெந்நீருக்கொரு குழாயும் பச்சைத் தண்ணீருக்கொரு குழாயுமாகப் பூட்டி இரண்டுக்கும் நடுவில் கையை வைத்துத் தவிக்கிற நாட்டில், தபால்காரர் பாய்வதும் வழக்கமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, "இங்கே குளிர். தபால்காரர்கள் நன்றாகப் பாய்வார்கள்" என்று வீட்டுக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அதனால் எங்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. மற்ற வீதிகளில் இப்படி நடப்பதில்லை என்று தெரியவந்தபோது வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பின்வளவில் வெந்தயக் கீரையும் போட்டாயிற்று, இனி எங்கே எழும்பிப் போவது?

சற்குணம் அண்ணை முனையில் ஒரு கடை திறந்தார். முருங்கைக்காய், மிளகாய்த்தூள், தமிழ்ப்படக் கசெட், அவற்றோடு கேமும் விற்றார். ஒவ்வொரு கிழமையும் நாட்டின் முதல் பத்து விளையாட்டுகளின் பட்டியல் அவருக்கு முதலில் தபாலில் வந்தது, பிறகு ஃபேக்ஸில் வந்தது, பிறகு கணினியில் வந்தது. எதில் வந்தாலும் அவர் அதை ஞாயிற்றுக்கிழமை காலை கடைக் கண்ணாடியில் ஒட்டுவார், நாங்கள் கோயிலுக்குப் போகிற வழியில் நின்று அதைப் படித்துவிட்டு, இந்தக் கிழமை குடை எடுக்கவேண்டுமா, ஓடவேண்டுமா, நாய்ச் சாப்பாடு வாங்கவேண்டுமா என்று முடிவெடுப்போம். ஐயர்கூடக் கலியாணத்துக்கு நாள் வைக்கமுன், பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, "பட்டியலில என்ன நிக்குது?" என்று கேட்பார்.

விளையாட்டுகளின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கசெட் காலத்தில் வந்தது பழக்கள்ளன். ஏணிகளில் ஏறிப் பழம் களவெடுக்கிற சின்ன மனிதன், அவனுக்கு மூன்று உயிர். எண்பத்தைந்தில் அது ஏழு கிழமை முதலிடத்தில் நின்றது, அந்த ஏழு கிழமையும் பெல்வின் வீதியில் ஒருவரும் முழுதாகச் சாகவில்லை. சற்குணம் அண்ணை குளிர்ப்பெட்டி திருத்தப்போய் மின்சாரம் அடித்து விழுந்தார், மூன்று தரம் மினுங்கினார், பிறகு சட்டை மடிப்புக் கலையாமல் வாசற்படியில் நின்று "இன்னும் ரெண்டு கிடக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டார். அதற்குப் பின் நிறக்கட்டிகள் வந்தன. வானத்திலிருந்து சிவப்பும் பச்சையுமாகக் கட்டிகள் மெல்லத் திரும்பித் திரும்பி இறங்கும், ஒரு வரிசை இடைவெளியில்லாமல் நிரம்பினால் அந்த வரிசையோடு அதில் இருந்ததெல்லாம் மறைந்துபோகும். முதல் கிழமை இரண்டு மதில்கள் போயின, இரண்டாம் கிழமை நாங்கள் பழைய மெத்தைகளையும் உடைந்த சோபாக்களையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் அடுக்கினோம். நகரசபைக்கு முறைப்பாடு எழுதியதற்கு, கட்டிகள் தரையைத் தொடும்வரை அவை வீதிப் பிரிவின் பொறுப்பல்ல என்று மரியாதையாகப் பதில் வந்தது. தொண்ணூறுகளில் கார்ப் பந்தயம் வந்து குழந்தை வண்டிகளெல்லாம் முனையில் டயர் கிறீச்சிட்டுத் திரும்பின. இலையுதிர் காலம் வந்தால் காற்பந்து வராமல் இருக்காது. ஆளே தெரியாத கூட்டம் ஒன்று ஆகாயத்தில் இருந்துகொண்டு நான் குப்பைப் பையைத் தொட்டிக்குள் சரியாக எறிந்தால் ஆரவாரிக்கும், வாகனத் தரிப்பு அலுவலரோடு வாய் காட்டினதற்கு எனக்கு ஒருமுறை மஞ்சள் அட்டையும் கிடைத்தது. நான் புவனேஸ்வரி, பதினேழாம் இலக்க வீடு, இந்த வீதியில் எல்லோருக்கும் புவனம்.

ஒன்றை மட்டும் நாங்கள் பழகிக்கொள்ளவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் சண்டை விளையாட்டு வரத் தொடங்கியது. வேலிகளுக்கு மேலால் முகமில்லாத பட்டாளத்துக்காரர் பாய்வார்கள், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் இருந்து சுடுவார்கள், ஹெலிகொப்டர் கூரையை உரசிக்கொண்டு போகும். குண்டு பொய், பட்டாலும் காயம் இல்லை. சத்தம் மெய். பட்டியலில் சண்டை முதலாவதாக நின்றால் நாங்கள் பாஸ்போர்ட், நகை, அரிசி அவிக்கும் மின்சாரச் சட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் வீடு பூட்டி, ஹரோவில் இருக்கிற சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விடுவோம். இருபது நிமிடத்தில் எப்படி முடிகிறது என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் வியப்பார்கள். ஊரில் எங்களுக்குப் பத்து நிமிடம்தான் தந்தார்கள்.

நாற்பதாம் இலக்கத்தில் இருந்த டோரீன் மட்டும் போவதில்லை. எழுபத்தெட்டு வயது, தனி ஆள். சண்டைக் கிழமைகளில் வானொலிச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கேக் செய்வாள்.

இப்போது கதிரவேலருக்கு வருகிறேன். கதிரவேலர் முப்பது வருடம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கின பிறகும் அவர் மனத்தில் இறங்கவில்லை. கோயிலில் தீபாராதனைக்கு நெருக்கினால்கூட "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ, நடுவில இடம் கிடக்கு" என்று குரல் கொடுப்பார். இரண்டாயிரத்துப் பத்தில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்தைய கிழமை அவருடைய நெஞ்சில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஜனவரி இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். அதுவரை வீட்டில் ஆறுதலாக இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டு, அவருடைய மனைவி மங்கையக்காவைத் தனியே கூப்பிட்டு, அந்தத் தேதிவரை அவர் தாங்குவாரா என்பதைத் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

மங்கையக்கா அழவில்லை. நேரே சற்குணம் அண்ணையின் கடைக்கு வந்தா. "இப்ப வாற கேம் ஒண்டிலயும் மூண்டு உயிர் இல்லையோ அண்ணை?" என்று கேட்டா.

சற்குணம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "பழக்கள்ளனைப் புதுசாக்கித் திருப்பி விடுகினம், தங்கச்சி. ஜனவரி மூண்டாம் தேதி வருது. தை மாசத்தில ஒரு நாயும் கேம் வாங்காது. எங்கட சனம் மனம் வச்சால் அதை முதலாவதாக்கிப் போடலாம்."

கடையிலேயே கூட்டம் வைத்தோம். வீதியில் முப்பத்தெட்டுத் தமிழ் வீடுகள். ஹரோ, ஈஸ்ட் ஹாம், லெஸ்டர், கிளாஸ்கோ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துச் சொந்தம். எல்லாரும் ஆளுக்கொன்று வாங்குவது என்று தேங்காய் உடைக்காத குறையாகச் சத்தியம் பண்ணினோம். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.

பழக்கள்ளன் வெளிவந்த கிழமை முடிந்து ஞாயிறு காலை பட்டியல் ஒட்டியபோது அது இரண்டாவதாக நின்றது. இன்னும் இருபத்தொன்பது பெட்டி விற்றிருந்தால் முதலாவதாக வந்திருக்கும். முதலாவதாகச் சண்டை நின்றது.

சற்குணம் அண்ணை விற்பனைக் கொப்பியை எடுத்துப் பார்த்தார். பெல்வின் வீதியில் மொத்தம் விற்றது ஐந்து.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் சனத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீதியில் எதுவும் இரண்டு இருந்ததில்லை. சூட்கேஸ் நிறுக்கிற தராசு ஒன்று, அது இருபது வருடமாக வீடு வீடாகப் போய் எல்லோருடைய பயணத்துக்கும் மிளகாய்த்தூள் நிறுத்திருக்கிறது. கல்யாணக் கதிரை ஒரு சோடி, இடியப்ப உரல் பெரிது ஒன்று, படக் கசெட் ஒன்று வந்தால் அது தேய்ந்து நடிகர்களின் முகம் பச்சையாகும்வரை சுற்றும். ஒருவர் வாங்கினால் மற்றவருக்கு இரவல், அதுதான் எங்களுடைய ஒற்றுமை, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. அதனால் ஒவ்வொரு வீடும் பழக்கள்ளனைப் பற்றி அக்கறையாக விசாரித்தது, வாங்கியாயிற்று என்று கேள்விப்பட்டதும் நிம்மதியாக இருந்தது. நான் இருபத்தோராம் இலக்கத்தில் இரவல் கேட்டிருந்தேன். இருபத்தோராம் இலக்கம் முப்பதாம் இலக்கத்தில் கேட்டிருந்தது. முப்பதாம் இலக்கம் என்னிடம்தான் கேட்கவிருந்ததாம்.

"நீங்கள் வாங்கியிருப்பியள் எண்டு நினைச்சன்" என்று முப்பதாம் இலக்கம் சொன்னாள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

கார்களில் சாமான் ஏறத் தொடங்கியது. பத்து மணிக்குச் சண்டை இறங்கிவிடும். மங்கையக்கா கேற்றடியில் நின்றா. கதிரவேலரை ஹரோவரைக்கும் காரில் குலுக்கிக்கொண்டு போனால் வழியிலேயே ஏதும் நடந்துவிடும் என்று பயந்தா. "நீங்கள் போங்கோ. நாங்கள் நிக்கிறம்" என்று மட்டும் சொன்னா, குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் டோரீன் ஒரு கையில் கேக்கும் மறு கையில் மடிப்புக் கதிரையுமாக வீதியைக் கடந்து வந்து கதிரவேலரின் கேற்றடியில் உட்கார்ந்தாள். போன மாரிச் சண்டையில் தனக்கு நடந்ததை மங்கையக்காவுக்குச் சொன்னாள், நாங்கள் காருக்குள் இருந்து கேட்டோம். தபால்காரர் பார்சல் கொண்டுவந்த நேரம் அவளுக்கு மூளையில் இரத்தம் கட்டி வாசலிலேயே விழுந்திருக்கிறாள். விழுந்ததும் தலைக்கு மேல் பத்து என்று ஓர் இலக்கம் தோன்றிக் குறையத் தொடங்கியது. தபால்காரர் முழங்காலில் இருந்து அவளுடைய கையைப் பிடித்தார், விடாமல் பிடித்தார், நாலில் அவள் எழுந்து பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இவ்வளவு பெரிய அடைப்பை யார் குணப்படுத்தினார்கள் என்று கேட்டாராம். தபால் இலாகா என்று சொன்னாளாம்.

"அதுதானே அந்த விளையாட்டின் சட்டம்" என்றாள் டோரீன், எங்களுக்குத் தெரியாதது அவளுக்கு அதிசயமாக இருந்தது. "விழுந்தவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கையைப் பிடித்தால் அவர் எழுந்துவிடுவார். இத்தனை வருடத்தில் நீங்கள் பார்த்ததே இல்லையா?"

நாங்கள் எப்படிப் பார்த்திருப்போம்? சண்டை வந்த ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் வீதியில் இல்லையே.

முதலில் சற்குணம் அண்ணையின் வான் வண்டியின் எஞ்சின் நின்றது. பிறகு முப்பதாம் இலக்கம். பிறகு ஒவ்வொன்றாக. என்னுடைய கார் கடைசி. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எண்பத்தேழில் ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போது நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம், எனக்குப் பின்னால் ஓடிவந்த தம்பி செல்வக்கோன் விழுந்தான், "ஓடு, ஓடு" என்று எல்லாரும் சொன்னார்கள், நான் ஓடினேன். அவன் உடனே போய்விட்டானா, கொஞ்ச நேரம் கிடந்தானா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் அதை ஒருவரிடமும் கேட்கவில்லை. அன்று காரைவிட்டு இறங்க நான் பிந்தியதற்கு ஹெலிகொப்டர் காரணமில்லை.

கடைக் கண்ணாடியில் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டினோம். காலை ஆறு தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருவர் கதிரவேலர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று முறை போட்டோம். செவ்வாய்க்கிழமை அவர் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு விழுந்தார். மங்கையக்கா கையைப் பிடித்தா, ஆறில் எழும்பினார், "சீனி காணாது" என்றார்.

வியாழன் பின்னேரம் என்னுடைய முறை. ஆறுதலாகச் சாய்ந்திருந்த மனிசன் யன்னலால் எட்டிப் பார்த்தார், முகமில்லாத பட்டாளத்துக்காரன் ஒருவன் அவருடைய வெந்தயப் பாத்திக்குள் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். நான் மறிக்கமுன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். "டேய், எழும்படா! உது படுக்கிற இடமே? கீரையெல்லோ நிக்குது!" என்று கத்தினார், அந்தப் பட்டாளத்துக்காரன் உண்மையிலேயே எழும்பித் தள்ளி நின்றான். கதிரவேலர் திருப்தியாகத் திரும்பினார், அப்படியே பாத்திக்குள் சரிந்தார். தலைக்கு மேல் பத்து.

கதவடியில் இருந்து பாத்திக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். நாலு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது. பொய் என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன, என் உடம்புக்குத் தெரியவில்லையே. எட்டு, ஏழு. ஓடு ஓடு என்று எண்பத்தேழின் குரல்களெல்லாம் காதுக்குள் கத்தின, சரி ஓடுகிறேன் என்று நான் ஓடினேன், இந்த முறை மறுபக்கமாக. ஐந்தில் கீரைக்குள் முழங்காலில் விழுந்தேன், நாலில் அவருடைய கையைப் பிடித்தேன், கல்லுப் போலக் குளிர்ந்திருந்தது. மூன்று. இரண்டு. கையை விடவில்லை. இரண்டிலேயே அந்த இலக்கம் நின்றது, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றது, பிறகு அழிந்தது.

கதிரவேலர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்றார். பிறகு தன் முதுகுக்குக் கீழே பார்த்துவிட்டு, "கீரை போச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை சற்குணம் அண்ணை இன்னொரு செய்தி கொண்டுவந்தார். நத்தார் விருந்து சாப்பிட்ட வெள்ளைக்காரர்கள் வயிற்றைக் குறைக்க எண்ணித் தேகப்பயிற்சி விளையாட்டு ஒன்றை வாங்கிக் குவிக்கிறார்களாம், அது பட்டியலில் சண்டையை முந்தப்போகிறதாம். அது முதலாவதாக வந்தால் வீதி முழுக்கக் கிழமை முழுதும் குந்தி எழும்பவேண்டும். கதிரவேலர் இரண்டாம் குந்தலைக் காணமாட்டார், பிடித்துத் தூக்குகிற சட்டமும் இருக்காது. ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஒருவரும் கூட்டம் வைக்கவில்லை, சத்தியம் பண்ணவில்லை. சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போனபோது வரிசை பஸ் தரிப்புவரை நின்றது. சண்டைப் படத்தைத் தொலைக்காட்சியில் கண்டாலே அலைவரிசை மாற்றுகிற சனம், சுடுகிற துவக்குப் பொம்மையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காத சனம், ஆளுக்கொரு சண்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஹரோவில் எங்களுக்குப் பாய் விரித்துத் தந்த சொந்தங்கள், லெஸ்டரில், கிளாஸ்கோவில் உள்ளவர்கள் எல்லாரும் அங்கங்கே வாங்கினார்கள். டோரீனும் ஒன்று வாங்கினாள். முப்பதாம் இலக்கம் என்னிடம், "உங்களிட்ட இருக்கோ அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "என்னட்டயும் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சண்டை அந்த ஞாயிறும் முதலாவதாக நின்றது, அதற்கடுத்த ஞாயிறும் முதலாவதாக நின்றது. கதிரவேலர் அந்த இரண்டு கிழமைக்குள் இன்னும் நாலு தரம் விழுந்தார், நாலு தரமும் ஒவ்வொருவர் தூக்கினார்கள், கடைசித் தரம் தூக்கினது பார்சல் கொண்டுவந்த அதே தபால்காரர். இருபத்தாறாம் தேதி காலை அவர் தொப்பி போட்டுக்கொண்டு, வாசலை மறித்து நின்ற பட்டாளத்துக்காரரைப் பார்த்து "நகருங்கோ, நகருங்கோ, முன்னுக்கு நிக்காதையுங்கோ" என்று விலக்கிக்கொண்டு தன் காலால் நடந்து காரில் ஏறினார். புது வால்வு நல்லபடி பொருந்திவிட்டது. பெப்ரவரியில் தேகப்பயிற்சி முதலாவதாக வந்தபோது வீதியே மூச்சு வாங்கக் குந்தி எழும்பிக்கொண்டிருக்க, கதிரவேலர் மட்டும் ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்யச் சொன்னார்கள் என்று சந்தோஷமாகக் குந்தினார்.

சித்திரைப் புதுவருடத்துக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகாரம் சாப்பிட்டுவிட்டுச் சாமி அறையை எட்டிப் பார்த்தார். விளக்குக்குப் பக்கத்தில் தம்பி செல்வக்கோனின் படம், படத்துக்கு முன்னால் கண்ணாடித்தாள் பிரிக்காத சண்டைப் பெட்டி.

"இஞ்சேர் புவனம், உந்தப் பெட்டியை ஒருக்கால் தாவன்" என்றார். "பேரனிட்ட மெஷின் கிடக்கு. நான் எப்பிடி விழுந்து எழும்பினனான் எண்டு போட்டுப் பாப்பம். நாளைக்கே திருப்பித் தாறன்."

"இல்லை அண்ணை" என்றேன். "அது தம்பியின்ர. இரவல் குடுக்கிறேல்லை."

கதிரவேலர் படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல வீதியால் நடந்து, தனக்கென்று ஒன்று வாங்கச் சற்குணம் அண்ணையின் கடைக்குள் போனார்.